பழைய புல்லட்டில் இழுவை இல்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

வார்ப்பிரும்பு என்ஜின் வைத்த பழைய 350 புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, "பவர் ஏத்தணும், ஆனா செலவு கம்மியா இருக்கணும்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சைலன்சரைப் பற்றியும் பெரிய கார்பரேட்டரைப் பற்றியும்தான் பேச்சைத் தொடங்குவார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அந்த வண்டிக்கு இருந்த சக்தி 5625 ஆர்பிஎம்மில் 18 பிஎச்பி. இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியில் அந்தப் பதினெட்டும் மிச்சம் இருப்பது அபூர்வம். தளர்ந்த வால்வு, நழுவிய டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), காற்று இழுக்கும் கார்பரேட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்றிருக்கும். தொலைந்ததை மீட்பதுதான் இருப்பதிலேயே மலிவான டியூனிங். அதை முடிக்காமல் புதுச் சாமான் வாங்கிப் போட்டால், பழைய கோளாறின் மேல் புதுக் கோளாறு ஏறும். அப்புறம் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) வைத்த நான்கு கியர் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அதே சாலையில், அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். சேலம் பக்கம் இருப்பவர்களுக்குத் தொப்பூர் கணவாய் நல்ல அளவுகோல். தர்மபுரி நோக்கி ஏறும்போது எந்த இடத்தில் மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது என்று குறித்துவைத்தால் போதும், சக்தி அளக்கும் டைனோ இயந்திரம் தேவையில்லை.

எல்லா வேகத்திலும் மந்தம், மேடு வந்தால் மூச்சு வாங்குகிறது

என்ஜினைத் தொடுமுன் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு சுற்றாவது தானாக ஓட வேண்டும். உடனே நின்றால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. பழைய செயின் ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். இறுகிய இடத்தை அடியில் கொண்டுவந்து, அங்கே ஓர் அங்குலம் ஆட்டம் வையுங்கள். டயரில் முன்னால் 18, பின்னால் 28 பிஎஸ்ஐ காற்று. இவ்வளவிலேயே பாதி வழக்கு முடிந்துபோன வண்டிகள் உண்டு.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இக்னிஷனை அணைத்து, கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே வாருங்கள். பிஸ்டன் கெட்டியாக எதிர்க்கும் இடத்தில் முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். நல்ல என்ஜின் உங்களைச் சில விநாடியாவது தாங்கி, பிறகு மெல்ல இறங்கும். தடையே இல்லாமல் இறங்கினால் காற்று எங்கோ தப்புகிறது. எங்கே என்பதைக் காதே சொல்லிவிடும்: கார்பரேட்டர் வாயில் "ஸ்ஸ்" என்றால் இன்லெட் வால்வு, சைலன்சர் நுனியில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, என்ஜின் அடிப்பகுதியின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் என்றால் பிஸ்டன் ரிங். புல்லட்டுக்கே உரிய நான்காவது வழியும் ஒன்று உண்டு, டிகம்ப்ரஸர் (கிக் அடிக்க எளிதாக அழுத்தத்தை வெளியே விடும் சிறு வால்வு). அதன் கேபிள் ஒரு நூல் இறுக்கமாக இருந்தாலும் வால்வு முழுதாக மூடாது, கரி சேர்ந்து அப்படியே நின்றுவிடும். ஹெட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் புஷ்ராட் கம்பிகளின் இடைவெளி. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திக் காலையில் பார்ப்பதே நல்லது. சிலிண்டரின் வலப்பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடும் தெரியும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, ஒவ்வொரு ராடையும் இரண்டு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜுக்கு இங்கே வேலை இல்லை. சுழலவில்லை என்றால் வால்வு கொஞ்சம் திறந்தே கிடக்கிறது, கம்ப்ரஷனும் போகும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வும் கருகும். "கொஞ்சம் சத்தம் வருது, இறுக்கிடுங்க" என்று வண்டிக்காரர் கேட்க, மெக்கானிக்கும் இறுக்கிவிடுவதால்தான் பல புல்லட்கள் இழுவை இழக்கின்றன. டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்கிற வண்டி பெரும்பாலும் ஆரோக்கியமான வண்டி.

இன்னும் மந்தம் என்றால் டைமிங். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் காசு செலவில்லை.

முதலில் பாயின்ட் இடைவெளி: முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இதைச் சரிசெய்த பிறகே டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும் என்பதால் வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரண்டும் கெடும். பிளக்கைக் கழற்றி, வண்டியை நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். பிளக் துளை வழியே ஒரு சைக்கிள் கம்பியை விட்டால் பிஸ்டன் உச்சிக்கு வருவது விரலில் தெரியும். கம்ப்ரஷன் உச்சியா என்பதை, இரண்டு புஷ்ராடும் ஒரே நேரத்தில் சுழல்வதை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உச்சியில் கம்பியில் ஒரு கோடு போட்டு, சக்கரத்தைப் பின்னோக்கிக் கொஞ்சம் அதிகமாகவே உருட்டி, மறுபடி முன்னோக்கிக் கொண்டுவந்து, உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே நிறுத்துங்கள். பின்னோக்கி உருட்டிய நிலையிலேயே அளந்தால் செயின், பல் எல்லாவற்றின் தளர்ச்சியும் கணக்கில் சேர்ந்துவிடும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் கம்பி அளவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், துல்லியம் வேண்டுவோர் பிளக் துளையில் திருகும் டயல் கேஜை இரவல் வாங்கலாம்.

அந்த இடத்தில், ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் ஏற ஏறப் பொறியை முன்தள்ளும் அமைப்பு) முழுதாகத் தளர்ந்த நிலையில், பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஹெட்லைட் மூடியில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் அதற்குத்தான் உதவும். சாவியைப் போட்டால், பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். திறந்த நொடியில் நடுவுக்குத் துள்ளித் திரும்பும். பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, முள் துள்ளுகிற அந்த இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை சக்கரத்தை உருட்டிச் சரிபாருங்கள், இறுக்கும்போது லேசாக நகர்ந்துவிடுவது வழக்கம்.

டைமிங் பிந்தியிருந்தால் வண்டி மந்தமாக இருக்கும், எக்ஸாஸ்ட் பைப் சீக்கிரம் நீலம் பாயும், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட் கிக்கரிடம் கணுக்காலில் அடி வாங்கியவர்களிடம் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆட்டோ அட்வான்ஸையும் மறக்காதீர்கள். கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் அதைப் பட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். துருவேறி அப்படியே நின்றால், ஸ்லோவில் சரியாக இருக்கும் டைமிங் வேகத்தில் பிந்திவிடும். அடியில் நன்றாக இருக்கும் வண்டி 50-க்கு மேல் செத்துப்போவதற்கு இது முக்கியமான காரணம்.

ஆக்சிலேட்டரைத் திருகியதும் திணறுகிறது, கார்பரேட்டர் தும்முகிறது

தும்மல் என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். ஜெட்டை (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) மாற்ற ஓடாதீர்கள், வேண்டாத காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் துரு நீக்கும் ஸ்பிரேயை மெல்ல அடியுங்கள். பெட்ரோல் வேண்டாம், அருகில் சூடான சிலிண்டர் இருக்கிறது. ஓட்டம் மாறினால் அங்கேதான் ஓட்டை. மிக்கார்ப் கார்பரேட்டரின் இரண்டு காதுகளையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கி இறுக்கி, நடுவில் வளைந்துபோயிருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நைஸான உப்புத்தாளை விரித்து, அதன் மேல் கார்பரேட்டர் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். முதலில் இரண்டு காது ஓரமும் மட்டும் பளபளக்கும், நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். முழு முகமும் ஒரே நிறத்துக்கு வரும்வரை தேய்த்து, புது ஓ-ரிங், புது பேக்கிங் போட்டு அளவாக இறுக்குங்கள்.

காற்று ஓட்டை இல்லையென்று தெரிந்தபின் ஜெட். 350-இல் இருப்பது 24 மி.மீ. கார்பரேட்டர், மெயின் ஜெட் 90. எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆக்சிலேட்டர் கைப்பிடியிலும் அதன் பக்கத்து உறையிலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுங்கள். ஓட்டும்போது திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று பாருங்கள். வேகமானியைப் பார்க்காதீர்கள், அது இந்த விஷயத்தில் ஏமாற்றும்.

மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை என்றால் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். ஏர் ஸ்க்ரூவை முழுதாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இந்தக் கார்பரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் அடி வெட்டு. தேய்ந்து ஆடும் ஸ்லைடுக்கு எந்த ஜெட்டும் மருந்தாகாது. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில்: கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். நகரத்துக்குள் ஓடும் வண்டி முக்காலைத் தொடுவதே இல்லை. அப்படியிருக்க, இழுவைக் குறைவுக்கு எல்லோரும் மெயின் ஜெட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எண் மட்டும் அச்சடித்து, துளை ஏதோ ஓர் அளவில் போட்ட நகல்கள் கடைகளில் நிறைய. பழைய ஜெட்டையும் புதியதையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒப்பிட்டு வாங்குங்கள். அடைப்பை எடுக்க ஊசி விடுவதும் தப்பு. ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், எண்ணும் துளையும் ஒத்துப்போகாது.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவிலேயே கலவை லேசாக வறண்டுபோகும். எல்லாம் சரியாக இருந்தும் இலேசான திணறல் மிஞ்சினால், நீடிலை ஒரு பள்ளம் உயர்த்திப் பாருங்கள், தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டுங்கள். பழைய ரப்பர் குழாய்கள், டேங்க் டேப்பின் வாஷர்களும் இந்தப் பெட்ரோலில் ஊறி உப்பும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

அறுபது வரை நன்றாகப் போகிறது, அதற்கு மேல் விட்டு விட்டு இழுக்கிறது

இரவில் பாயின்ட் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். பாயின்ட் முனையில் பெரிய பொறி தெறித்தால், அந்தப் பொறியை அடக்கும் கண்டன்சர் போய்விட்டது. அதை மாற்றாமல் பாயின்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். பிளக் இடைவெளி அரை மி.மீ. இருக்கட்டும், பழைய காயிலால் அதைவிடப் பெரிய இடைவெளியைத் தாண்ட முடியாது.

பொறியில் குறையில்லை என்றால் பெட்ரோல் வரத்து. சில கிலோமீட்டர் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி கிளம்பும் வண்டியில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஷ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. துளையை ஊதிவிட்டால் வேலை முடிந்தது.

என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் நழுவுகிறது. நாலாவது கியரில் 40-இல் போகும்போது சட்டென்று முழுசாகத் திருகினால் உறுதியாகத் தெரிந்துவிடும். லீவரில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கார்களுக்கான, உராய்வு குறைக்கும் ரசாயனம் கலந்த ஆயிலை பிரைமரி கேஸில் (கிளட்ச் இருக்கும் பெட்டி) ஊற்றியிருந்தால் தட்டுகளைக் கழற்றிக் கழுவாமல் தீராது. கேஸைத் திறந்த கையோடு பிரைமரி செயினின் ஆட்டத்தையும் சரிசெய்துவிடுங்கள், இறுகிய இடத்தில் கால் அங்குலம்.

மேட்டில் "கிளிங் கிளிங்" என்று சில்லறை குலுங்கும் சத்தம்

நாக்கிங். பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கிறது. டைமிங் முந்தியிருக்கலாம், கலவை வறண்டிருக்கலாம், ஹெட்டுக்குள் கரி மண்டியிருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள். வேகத்தைக் கூட்ட டைமிங்கை முன்தள்ளுவது சாலையோர ரகசியம், முதல் வாரம் சுறுசுறுப்பாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும்.

சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றிய பிறகு வண்டி மோசமாகிவிட்டது

எதிர்பார்த்ததுதான். தடை குறைந்ததால் காற்று கூடியது, பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் டப் டப் என்று வெடிப்பது, பிளக் வெள்ளையாவது, மேட்டில் கொதிப்பது, எல்லாம் இதன் அடையாளம். மெயின் ஜெட்டை ஒவ்வோர் அளவாகக் கூட்டுங்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓடி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இக்னிஷனை அணைத்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபி நிறம் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் இன்னும் கூட்டுங்கள், கரிக்கறுப்பு என்றால் குறையுங்கள். வெடிப்புக்கு இன்னொரு காரணம் எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்துக் கசிவு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மட்டும் போட்டு 350-இல் கிடைப்பது சத்தம்தான். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோலத் தோன்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும்

இங்கே செலவிடும் காசுக்கு மரியாதை உண்டு. முதலிடம் வால்வு கிரைண்டிங்குக்கு. ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை பேஸ்ட் போட்டுத் தேய்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பாருங்கள். ஒரு சொட்டும் வரக் கூடாது. ஹெட் கையில் இருக்கும்போதே கார்பரேட்டரும் பேக்கிங்கும் இன்லெட் துளையும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பெரும்பாலும் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படியை மட்டும் அரைத்துச் சமமாக்குங்கள். துளையைப் பெரிதாக்கவோ கண்ணாடிபோல மெருகேற்றவோ வேண்டாம். மிதமான வேகத்தில் ஓடும் என்ஜினுக்குப் பெரிய துளை நஷ்டம், காற்றின் வேகம் குறைந்து அடி இழுவை போய்விடும். 500-இன் 28 மி.மீ. கார்பரேட்டரை 350-இல் மாட்டுவதும் இதே கதைதான்.

நெடுஞ்சாலையே உங்கள் வழி என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் 16 பல்லுக்குப் பதில் 17 போடலாம். என்ஜின் நிதானமாக ஓடும். மலைச்சாலைக்காரர்கள் தொட வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் கூடுதல் கியர் மாற்றம்தான் மிஞ்சும்.

இதற்கு மேல் ஆர்பிஎம்மை ஏற்றிச் சக்தி தேடுவதை நான் ஆதரிப்பதில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். 5625 ஆர்பிஎம்மிலேயே பிஸ்டன் சராசரியாக நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பழைய வண்டிகளில் கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். ஆயில் ஒரு கணம் தாமதித்தாலும் போய்விடும். கிராங்கைப் பிரித்துப் போட ஆகும் செலவைக் கேட்டால் 'குறைந்த செலவு' என்ற பேச்சே எடுக்க மாட்டீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறித் தளர்கிறது

நன்றாக இழுத்த வண்டி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல மெல்ல வேகம் குறைந்தால், அது பெட்ரோல் குறைவு என்று நினைத்து மேலும் திருகாதீர்கள். பிஸ்டன் பிடிக்கப்போகிறது. உடனே கிளட்சைப் பிடியுங்கள், ஆக்சிலேட்டரை மூடுங்கள், ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) புதுப் பிஸ்டன் போட்ட வண்டி என்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50-க்குள் ஓட்டியிருக்க வேண்டும். அப்படியும் பிடித்தால், லேத்தில் பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி போதவில்லையா என்று அளக்கச் சொல்லுங்கள். பழைய பிஸ்டன் என்றால் கலவை வறட்சி, பிந்திய டைமிங் இரண்டையும் மேலே சொன்னபடி பாருங்கள். அதன்பின் ஆயில் பம்ப். என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் மேல் முனை போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிந்து வர வேண்டும். அரை நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் என்ஜினை அணைத்துவிடுங்கள். ஃபில்டரையும் பம்ப்பையும் கழற்றிப் பார்க்கும்வரை கிக்கரைத் தொட வேண்டாம்.